சாட்சியா, குற்றவாளியா? பி செல் மீது நடந்த நூறு வருஷ வழக்கு

காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மாட்டேன் என்கின்றன, மணிக்கட்டு வீங்கியிருக்கிறது என்று டாக்டரிடம் போனால், அவர் எழுதிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் பெரும்பாலும் 'ஆர்.ஏ. ஃபாக்டர்' என்று ஒன்று இருக்கும். சாயங்காலம் லேப்பில் ரிப்போர்ட் வாங்கும்போது அந்த வரிக்கு நேரே 'பாசிட்டிவ்' என்று இருந்தால் பலருக்கும் வயிற்றைக் கலக்கும். அந்த வரி எதை அளக்கிறது? ஒரு ஆன்டிபாடியை. பள்ளிக்கூடத்தில் 'எதிர்ப்பொருள்' என்று படித்தோமே, அதுதான். கிருமியைப் பிடிக்க வேண்டிய புரதம், இங்கே நம் உடம்பின் வேறொரு ஆன்டிபாடியைப் போய்ப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

நார்வேக்காரரான எரிக் வாலர் இதை 1940-இல் எழுதிவைத்துவிட்டார். முடக்குவாதம் என்று நாம் சொல்லும் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் நோயாளியின் சீரம், ஒருவகையில் தயார் செய்யப்பட்ட ஆட்டு ரத்த அணுக்களைத் திரிதிரியாகக் கட்டிப்போட்டது. ஆனால் அந்த ஆன்டிபாடியைத் தயாரிக்கிற செல் வம்சத்தைக் குறிவைத்து ஒரு மருந்து, அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது 2006-இல். நடுவில் 66 வருஷம். இரண்டு தலைமுறை நோயாளிகளின் விரல்கள் கோணிப்போக அது போதுமான காலம்.

ஏன் இவ்வளவு நாள் ஆச்சு? இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, தொழில்நுட்பம் வளரவில்லை என்பதுதான் பதிலாக இருக்கும் என்று நினைத்தேன். பாதி பதில் அதுதான். மீதிப் பாதி வேறு. தடயங்கள் முன்பே கிடைத்துவிட்டன. ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல கோட்பாடு குறுக்கே உட்கார்ந்துகொண்டு, 'இது சும்மா சாட்சி, குற்றவாளி இல்லை' என்று பி செல்லை வெளியே அனுப்பிவிட்டது.

எர்லிக்கின் ஆடுகள்

1900-ஐ ஒட்டிய வருஷங்கள். ஜெர்மனியில் பால் எர்லிக்கும் அவருடைய உதவியாளர் யூலியுஸ் மோர்கன்ரோத்தும் வெள்ளாடுகளுக்கு மற்ற வெள்ளாடுகளின் ரத்தத்தை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். ஊசி போட்ட ஆட்டின் சீரம் மற்ற ஆடுகளின் சிவப்பணுக்களை உடைத்தது. தன்னுடைய சிவப்பணுவை மட்டும் தொடவில்லை. அடுத்தவரது ரத்தத்துக்கு எதிராக ஆயுதம் செய்யத் தெரிந்த உடம்பு, தனக்கு எதிராக மட்டும் செய்துகொள்ளவில்லை.

இதற்கு எர்லிக் லத்தீனில் ஒரு பெயர் வைத்தார்: 'ஹாரர் ஆட்டோடாக்ஸிகஸ்'. தனக்குத் தானே நஞ்சாகிவிடுவதைப் பற்றி உடம்புக்கு இருக்கும் பயம் என்று சொல்லலாம். அட்டகாசமான பெயர். பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பித்தது. இந்தப் பயத்தைக் காப்பாற்ற உடம்புக்குள் ஏதோ கட்டுப்பாட்டு ஏற்பாடுகள் இருக்கவேண்டும், அவை பழுதானால் நோய் வரலாம் என்கிற அளவுக்கு எர்லிக் யோசித்திருந்தார். பின்னால் வந்தவர்கள் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 'உடம்பு தன்னைத் தாக்காது' என்பது 'தாக்கவே முடியாது' என்று ஆகிவிட்டது.

1904-இலேயே வியன்னாவில் யூலியுஸ் டோனாத்தும் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் எதிர்ச்சான்றைக் கையில் வைத்திருந்தார்கள். குளிரில் போய்வந்தால் சிறுநீர் கறுத்துப்போகும் ஒரு நோய். நோயாளியின் ரத்தத்தைக் குளிரவைத்து, பிறகு சூடாக்கினால் அவருடைய சீரமே அவருடைய சிவப்பணுவை உடைத்தது. தன்னெதிர்ப்பு ஆன்டிபாடிக்கு இதைவிட நேரடியான ஆதாரம் வேண்டுமா? ஆனாலும் இது ஏதோ அபூர்வம் என்று ஓரத்தில் வைக்கப்பட்டது.

தன் கையிலேயே ஊசி போட்டுக்கொண்ட டாக்டர்

அடுத்த பெரிய தடயம் கிடைத்த விதம் இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத ஒன்று. 1950, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் காரணமில்லாமல் குறைந்து, உடம்பெல்லாம் ரத்தக்கட்டு வரும் நோய் அவருக்குப் புதிராக இருந்தது. எலும்பு மஜ்ஜை தட்டணுக்களைச் செய்யவில்லையா, அல்லது செய்ததை ரத்தத்தில் ஏதோ ஒன்று அழிக்கிறதா?

அந்த நோய் இருந்த ஒரு பெண்ணின் ரத்தத்தைத் தன் நாளத்திலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அதலபாதாளத்துக்குப் போயின. வலிப்பு வந்தது. தோலில் ரத்தப்புள்ளிகள். சில நாள்களில் தேறிவிட்டார். 1951-இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது இதுதான்: அழிக்கிற பொருள் ரத்தத்தில் மிதக்கிறது. நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஊசி வழியாகவே போகிறது.

1956-இல் அணை உடைந்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸ், தன் ஆசான் எர்னஸ்ட் விடெப்ஸ்கியின் ஆய்வகத்தில் முயல்களுக்கு முயல் தைராய்டின் சாற்றையே ஊசி போட்டார். ஒரு முயலின் தைராய்டில் பாதியை எடுத்து, அதன் சாற்றை அதே முயலுக்குத் திருப்பி ஏற்றியும் பார்த்தார்கள். தன் தைராய்டுக்கு எதிராகவே அது ஆன்டிபாடி செய்தது. மீதமிருந்த சுரப்பி அழற்சியில் வெந்தது. விடெப்ஸ்கி எர்லிக்கின் சிஷ்ய பரம்பரை. தன் தாத்தா குரு வைத்த பெயர் தன் கண்முன்னே உடைவதை அவர் பார்க்க வேண்டியிருந்தது. அதே வருஷம் லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் குழு, ஹாஷிமோட்டோ தைராய்டு நோயாளிகளின் ரத்தத்தில் மனித தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தது.

ஆக, உடம்பு தன்னைத் தாக்கும் என்பது நிரூபணமாகிவிட்டது. ஆயுதம் கிடைத்தாச்சு. ஆயுதத்தைச் செய்த பட்டறை எங்கே?

கோழியின் பின்பக்கம்

பதில் ஒரு கோழிப்பண்ணை ஆய்வில் இருந்து வந்தது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், கோழியின் கழிவு வெளியேறும் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னப் பை எதற்கு என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். இத்தாலிய உடற்கூறு அறிஞர் ஃபேப்ரீஷியஸ் விவரித்ததால் அதற்கு 'ஃபேப்ரீஷியஸ் பை' என்று பெயர், லத்தீனில் பர்சா. குஞ்சுகளில் பையை வெட்டி எடுத்துவிட்டு, வளர்த்து, காத்திருந்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

அப்போது சக மாணவரான திமோதி சாங்குக்கு, வகுப்பில் ஆன்டிபாடி உருவாவதைச் செய்துகாட்டச் சில கோழிகள் தேவைப்பட்டன. கிளிக்கிடம் கடன் வாங்கிப் போனார். சால்மொனெல்லா கிருமியின் பொருளை ஊசி போட்டால் ஆன்டிபாடி வரவேண்டும். பை வெட்டப்பட்ட கோழிகளில் வரவில்லை. வகுப்பு சொதப்பியது, ஒரு கண்டுபிடிப்பு பிறந்தது. 'சயின்ஸ்' இதழ் அந்தக் கட்டுரையை ஏற்றுக்கொள்ளவில்லை. 1956-இல் அது 'பவுல்ட்ரி சயின்ஸ்' என்ற கோழி வளர்ப்பு ஆய்விதழில் வந்தது. மனித நோயை ஆராய்கிற எத்தனை பேர் கோழி வளர்ப்பு இதழைப் புரட்டியிருப்பார்கள்?

ஒன்பது வருஷம் கழித்து, 1965-இல், மினசோட்டாவில் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் அதைத் தொடர்ந்துபோய் ஒரு பெரிய பிரிவினையைக் காட்டினார்கள். நோய் எதிர்ப்பு செல்களில் இரண்டு வம்சம். ஒன்று மார்பில் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வளர்வது. இன்னொன்று கோழியின் பர்சாவில் வளர்வது, ஆன்டிபாடி செய்வது. 1969-இல் இவற்றுக்கு டி செல், பி செல் என்று பெயர் வைக்கச் சொன்ன கட்டுரையின் ஆசிரியர்களில், தைராய்டு ஆன்டிபாடியைக் கண்ட அதே ராய்ட்டும் ஒருவர். நமக்கு அந்தப் பை கிடையாது. நம் பி செல்கள் பிறந்து வளர்வது எலும்பு மஜ்ஜையில். ஆங்கிலத்தில் அதுவும் 'பி' எழுத்தில் தொடங்கியதால் பெயர் தப்பித்தது.

ஆளே இல்லாத குற்றவாளிக் கூண்டு

இப்போது கதை நேராகப் போயிருக்க வேண்டும், இல்லையா? தன்னெதிர்ப்பு ஆன்டிபாடி இருக்கிறது, அதைச் செய்கிற பி செல் தெரிந்துவிட்டது, அதைப் பிடி என்று. போகவில்லை.

காரணம், அடுத்து வந்த நல்ல கோட்பாடு. பி செல் தானாக எதையும் பெரிதாகச் செய்துவிடாது, டி செல் 'சரி, செய்' என்று உதவிக் கையெழுத்துப் போட்டால்தான் அது பெருகி வலுவான ஆன்டிபாடி செய்யும் என்று தெரியவந்தது. இது உண்மைதான். அதனால் எல்லோருடைய கண்ணும் கையெழுத்துப் போடுகிற அதிகாரி மேல் போனது. 1980-களிலும் 90-களிலும் முடக்குவாதம் டி செல் நோய் என்றே பேசப்பட்டது. ஆர்.ஏ. ஃபாக்டர் நோயின் விளைவு, நெருப்பு இருக்கிற இடத்தில் வருகிற புகை, அவ்வளவுதான் என்றார்கள். அப்படியானால் டி செல்லைத் தடுத்தால் நோய் அடங்க வேண்டுமே? உதவி டி செல்களைக் குறிவைத்த மருந்துகள் முடக்குவாதத்தில் சோதிக்கப்பட்டன. ஏமாற்றம்தான்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மூட்டுநோய் மருத்துவராக இருந்த ஜோனதன் எட்வர்ட்ஸ், சக ஆய்வாளர் ஜெரல்டின் கேம்பிரிட்ஜுடன் சேர்ந்து வேறுமாதிரி யோசித்தார். பி செல்லுக்குக் கையெழுத்து வேண்டும் என்பது சரி. ஆனால் அது ஏமாற்றி வாங்கினால்?

நம் ஊர் உதாரணத்தில் சொன்னால், அடுத்தவர் ரேஷன் கார்டில் அரிசி வாங்குகிற கதை இது. ஒரு பி செல், தான் பிடித்த பொருளை உள்ளே இழுத்து, நறுக்கி, துண்டுகளை வெளியே கார்டு மாதிரி காட்டும். அந்தத் துண்டை அடையாளம் தெரிந்த டி செல் வந்து உதவும். சாதாரணமாக, கிருமியைப் பிடித்த பி செல் கிருமியின் துண்டைக் காட்டும். ஆர்.ஏ. ஃபாக்டர் செய்கிற பி செல்லோ இன்னொரு ஆன்டிபாடியைப் பிடிக்கிறது. அந்த ஆன்டிபாடி ஏதோ ஒரு கிருமியைக் கவ்வியிருந்தால், கிருமியும் சேர்ந்து உள்ளே வந்துவிடும். இப்போது இந்தத் தப்பான பி செல் வெளியே காட்டுவது ஒரு நியாயமான கிருமித் துண்டை. டி செல் கார்டைப் பார்க்கிறது, கார்டு செல்லும், அரிசி அளந்துவிடுகிறது. வாங்குகிறவர் யார் என்று பார்க்க அதற்கு வழியில்லை. உதவி வாங்கிய பி செல் பெருகுகிறது, இன்னும் ஆர்.ஏ. ஃபாக்டர் செய்கிறது, அது இன்னும் கட்டிகளை உண்டாக்குகிறது. சக்கரம் தானே சுழல ஆரம்பித்துவிடும். டி செல்லில் ஒரு குறையும் இல்லாமலே நோய் ஓடும்.

இது சரியா என்று பார்க்க வழி ஒன்றுதான்: பி செல்களைக் கொஞ்ச நாளைக்குத் துடைத்துப் பார்ப்பது. அதற்கான கருவி பக்கத்துத் துறையில் தயாராக இருந்தது. பி செல் புற்றுநோய்க்காக 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்ஸிமாப். பி செல்லின் மேல் இருக்கும் சிடி20 என்ற புரதத்தைப் பிடித்து செல்லையே ஒழிக்கும் மருந்து. எட்வர்ட்ஸ் குழு அதை, மற்ற மருந்துகளுக்கு மசியாத ஐந்து முடக்குவாத நோயாளிகளுக்கு வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தது. ஐந்து பேருக்கும் பெரிய முன்னேற்றம். 2001-இல் அது வெளியானது.

ஐந்து பேர் என்பது சான்று ஆகாது. 2004-இல் 161 நோயாளிகளை வைத்து நடந்த ஒப்பீட்டுச் சோதனை வெளிவந்தது. நோய் அறிகுறிகள் பாதியாகக் குறைந்தவர்கள், வழக்கமான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 13 சதவீதம். அதோடு ரிட்டுக்ஸிமாபும் பெற்றவர்களில் 43 சதவீதம். வழக்கு திரும்பவும் விசாரணைக்கு எடுக்கப்பட்டது.

ஆன்டிபாடி குறையாமலே குணமான நோய்

இங்கேயே முடிந்திருந்தால் 'பி செல் கெட்ட ஆன்டிபாடி செய்கிறது, அதனால் நோய்' என்று எழுதிவிட்டுப் போகலாம். 2008 அதையும் கலைத்தது.

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்பது மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் மேலுறை சிதைகிற நோய். விலங்குச் சோதனைகளில் டி செல்லை மட்டும் மாற்றி ஏற்றினாலே அதைப்போன்ற நோய் வந்ததால், இது அசல் டி செல் நோய் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஸ்டீஃபன் ஹாவ்சர் குழு 104 பேரிடம் ரிட்டுக்ஸிமாபைச் சோதித்தது. ஸ்கேனில் ஒளிரும் புது அழற்சித் திட்டுகள் 91 சதவீதம் குறைந்தன. அதுவும் மூன்றே மாதத்துக்குள் வித்தியாசம் தெரிந்துவிட்டது.

இதில் ஒரு கணக்கு இடிக்கிறது. ஆன்டிபாடியை மூட்டை மூட்டையாகச் செய்வது, பி செல் முதிர்ந்து உருவாகும் பிளாஸ்மா செல். அதன் மேல் சிடி20 கிடையாது. மருந்து அதைத் தொடாது. ஆன்டிபாடி அளவு பெரிதாகக் குறையாமலே நோய் அடங்குகிறது என்றால், பி செல் ஆன்டிபாடி செய்வதைத் தவிர வேறு ஏதோ வேலையும் செய்துகொண்டிருந்திருக்கிறது.

அதற்கான தடயமும் முன்பே இருந்தது. 1999-இல் மார்க் ஷ்லோம்சிக் குழு, லூபஸ் நோய் வரும் எலிகளில் ஒரு மாற்றம் செய்திருந்தது: பி செல் இருக்கும், ஆனால் அதனால் ஆன்டிபாடியை வெளியே விட முடியாது. பி செல்லே இல்லாத எலிகளுக்குச் சிறுநீரக நோய் வரவில்லை. ஆன்டிபாடி விடாத பி செல் இருந்த எலிகளுக்கு வந்தது. துண்டுகளைக் காட்டி டி செல்லைத் தூண்டிவிடுவது, அழற்சியைக் கிளப்பும் சைட்டோகைன்களைச் சுரப்பது என்று பி செல்லுக்கு வேறு கைகளும் உண்டு. கையெழுத்து வாங்க வந்தவர் அதிகாரியையே தூண்டிவிடுகிறார்.

எல்லா பி செல்லும் வில்லன் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பி செல் வளர்ச்சிக்குத் தேவையான சமிக்ஞைகளை வேறு வழியில் தடுக்கிற அடாசிசெப்ட் என்ற மருந்தை மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸில் சோதித்தபோது நோய் அதிகமாகி, சோதனையை நிறுத்தவேண்டி வந்தது. அழற்சியை அடக்கி வைக்கிற பி செல்களும் உண்டு. அவற்றையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

மறுபடியும் எர்லிக்கிடம்

லூபஸில் ரிட்டுக்ஸிமாப் சறுக்கியது. 2010-இலும் 2012-இலும் வெளியான இரண்டு பெரிய சோதனைகள் இலக்கை எட்டவில்லை. ரத்தத்தில் பி செல் காலியானாலும் நிணநீர்க் கணுக்களிலும் திசுக்களிலும் ஒளிந்திருப்பவை தப்பிவிடுகின்றன என்று பலர் சந்தேகப்பட்டார்கள். ஜெர்மனியின் எர்லாங்கனில் கேயார்க் ஷெட் குழு இன்னொரு புற்றுநோய் ஆயுதத்தைக் கடன் வாங்கியது: நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து, பி செல்லை வேட்டையாடும்படி மாற்றி, திருப்பி ஏற்றும் கார்-டி சிகிச்சை. முதலில் கடுமையான லூபஸ் இருந்த 20 வயதுப் பெண். 2021-இல் அவருடைய கதை வெளியானது. 2024-இல் லூபஸ் உள்ளிட்ட மூன்று நோய்களில் 15 பேரின் முடிவுகள். 15 பேருமே நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை நிறுத்த முடிந்திருந்தது.

இதில் என்னை உட்காரவைத்து யோசிக்கவைத்தது வேறொரு விஷயம். சில மாதங்களில் இவர்களுக்கு பி செல்கள் திரும்ப வந்தன. நோய் திரும்பவில்லை. வந்தவை எதையும் இன்னும் சந்திக்காத, புத்தம்புது பி செல்கள். ஒரு ஸ்லேட்டைத் துடைத்த மாதிரி. 15 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, காலமும் குறைவு, சிகிச்சையின் செலவும் ஆபத்தும் பெரிது. இருந்தாலும், கோளாறு பி செல்களின் நினைவில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு கிடைப்பது கஷ்டம்.

2003-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான மனிதர்களின் எலும்பு மஜ்ஜையைப் பார்த்தார்கள. அப்போதுதான் உருவான பி செல்களின் ஆன்டிபாடிகளில் 55 முதல் 75 சதவீதம் சொந்த உடம்பின் பொருள்களையே பிடித்தன. நோயாளிகள் இல்லை, சாதாரண ஆட்கள். நீங்களும் நானும். தினமும் இப்படிப்பட்ட செல்கள் பிறக்கின்றன, வடிகட்டப்படுகின்றன, அடக்கப்படுகின்றன. வடிகட்டி எங்கே ஓட்டையாகிறதோ அங்கே நோய் தொடங்குகிறது.

ஏதோ கட்டுப்பாட்டு ஏற்பாடு இருக்கவேண்டும், அது பழுதாகலாம் என்று நூறு வருஷத்துக்கு முன்னால் எர்லிக் யோசித்தது இதைத்தானே? அவர் சொன்னதில் பாதியை எல்லோரும் மனப்பாடம் செய்தார்கள். தேவைப்பட்டது மற்றப் பாதி.

கடைசியாக அந்த லேப் ரிப்போர்ட். ஆர்.ஏ. ஃபாக்டர் பாசிட்டிவ் என்று இருந்தாலே முடக்குவாதம் என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களிடமும், வேறு தொற்றுகளின்போதும் அது தென்படும். நெகட்டிவ் என்பதாலேயே நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. வீக்கம் நிற்காமல் இருந்தால் மூட்டுநோய் மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் விரல்களைக் காப்பாற்ற இன்று வழி இருக்கிறது. அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் வெள்ளாடும், முயலும், வகுப்பறையில் சொதப்பிய கோழியும், தன் கையில் ஊசி போட்டுக்கொண்ட ஒரு டாக்டரும் நிற்கிறார்கள்.